எதுக்குக்காரரின் நோட்டு

தையல் மெஷின் பழுது பார்க்கிறவருக்கு அந்தத் தெருவில் ‘எதுக்கு’ என்றுதான் பெயர். மணி என்ன என்று கேட்டால்கூட, “எதுக்கு?” என்பார். சொந்த நிழலையும் நம்பாத மனிதர். பழுதுக்கு வரும் ஒவ்வொரு மெஷினுக்கும் அதன் எண், மாற்றிய உதிரி, வந்த வீட்டின் எண், தேதி எல்லாம் ஒரு தடித்த நோட்டில் எழுதி, உரியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார். ‘என் மோட்டாரை மாத்திட்டான்’ என்று நாளைக்கு எவனாவது கிளம்பிவிட்டால்? இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. அதுவே அவருக்குப் பெரிய சந்தேகம்.

போன வருடம் நகரமைப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் நாலு வீடு தள்ளி வரும்போதே அவர் பார்த்துவிட்டார். மனைவியை ஏவி, மெஷின்கள் மேல் போர்வையைப் போர்த்தச் சொன்னார்.

“ஐயா, நிலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. இங்க என்ன நடக்குது?”

“எதுக்கு?”

“வீடா, கடையா, பட்டறையான்னு எழுதணும்.”

நிலம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பட்டறை என்றால் வரியைக் கூட்டுவார்கள். கூட்டாவிட்டால் இடிப்பார்கள். இரண்டும் செய்யாவிட்டால், அதைவிடப் பெரிதாக ஏதோ திட்டம் போடுகிறார்கள்.

“வீடுதாம்மா. வெறும் வீடு.”

“போர்வைக்குள்ள?”

“பழைய சாமான்.”

அவள் எழுதிக்கொண்டாள். அவர் பின்பக்கமாக ஓடி, தெருவிலிருந்த பதினொரு தையல் பட்டறைகளுக்கும் சேதி சொன்னார். “மோட்டாரை நிறுத்துங்க. யாரு கேட்டாலும் வீடுன்னு சொல்லுங்க.” விடிந்தால் தடதடக்கும் தெரு, அன்று மதியம்வரை மூச்சுவிடவில்லை. ஒரு ஆபத்திலிருந்து எல்லாரையும் காப்பாற்றிய பெருமையோடு அவர் இரண்டு பிடி அதிகமாகவே சாப்பிட்டார்.

இந்த வருடம் வரைவு வரைபடத்தை அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். எவ்வளவு நிலத்தை அடித்தார்கள் என்று பார்க்கப் போனார். அவர் தெரு முழுக்க மஞ்சள். அதே பெண் நின்றிருந்தாள்.

“மஞ்சள்னா என்னம்மா?”

“முதன்மைக் குடியிருப்பு. குடியிருக்க மட்டும்தான்.”

“பக்கத்துத் தெரு ஆரஞ்சு?”

“கலப்புக் குடியிருப்பு. வீடும் இருக்கலாம், சின்னப் பட்டறையும் இருக்கலாம்.”

“என் நிலம் என் பேர்லதானே இருக்கு?”

“இருக்கும். நிலம் யாரோடதுன்னு இந்தப் படம் சொல்லாதுங்க ஐயா. அதுல என்ன செய்யலாம்னுதான் சொல்லும்.”

“அப்ப என் மெஷினு?”

“மஞ்சள்ல மோட்டார் வச்ச பட்டறைக்கு அனுமதி கிடையாது. நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்.”

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். இவர் பதினொரு பேர் தலையிலும் சேர்த்துப் போட்டிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஆட்சேபணை எழுதிக் குடுங்க. நேர்ல வந்து பார்க்கிறோம். ஆனா கணக்கெடுப்புக்கு முன்னாடியே பட்டறை இருந்ததுக்குச் சான்று வேணும்.”

“எதுக்கு?”

“அன்னிக்கு வீடுன்னீங்க, இன்னிக்குப் பட்டறைங்கிறீங்க. எதை நம்புறது?”

அவரைப் பார்த்து ஒருத்தி சந்தேகப்பட்டது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. சுருக்கென்று தைத்தது.

ஆட்சேபணையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னவர் முன்னால் மனைவி நோட்டைத் தூக்கிப் போட்டாள். “தெருவோட மெஷின் பூரா இதுலதானே இருக்கு? வீட்டு எண், தேதி, கையெழுத்து. இதை விடச் சான்று வேணுமா?”

“இதை எதுக்கு அவங்ககிட்ட காட்டணும்? நம்மளை எதுலயாவது கோத்துவிட்டாங்கன்னா?”

“அப்ப அந்தப் போர்வையை எடுத்துப் போத்திக்கிட்டு நீங்களும் மெஷினோட படுத்துக்குங்க.”

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வந்தாள். போர்வைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நோட்டை வாங்கி நின்றபடியே புரட்டியவள், பிறகு உட்கார்ந்து புரட்டினாள்.

“ஐயா, பன்னிரண்டு வீட்டுக்கும் இதுவே போதும். நான் கொண்டு போறேன். அடுத்த மாசம் விசாரணை முடிஞ்சதும் தந்துடுறேன்.”

“எதுக்கு? நகல் எடுத்துக்கலாமே.”

“விசாரணையில மூலத்தைத்தான் கேப்பாங்க.”

நோட்டின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை அவள் கையில். இதில் தெருவே இருக்கிறது. இது தொலைந்தால் பன்னிரண்டு குடும்பத்துக்குப் பிழைப்பு இல்லை. கடைசியில் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, புதுப் பக்கத்தைத் திறந்து எழுதினார்: ‘நோட்டு ஒன்று. தாள் எதுவும் கிழியாமல் பெற்றுக்கொண்டேன்.’ தேதி போட்டார். “இங்க கையெழுத்துப் போடும்மா.”

அவள் சிரிக்காமல் கையெழுத்திட்டு, நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அவருக்கு நிம்மதியாக இருந்தது. சும்மா கொடுக்க அவர் என்ன ஏமாளியா?

“கையெழுத்து வாங்கிட்டீங்களா?” என்றாள் மனைவி.

“வாங்காம விடுவேனா?”

“எதுலங்க?”

அவர் வாசலுக்கு ஓடினார். தெருமுனையில் அவள் திரும்பிக்கொண்டிருந்தாள். “ஏம்மா!” என்று கத்தினார். பதினொரு பட்டறையும் தடதடத்துக்கொண்டிருந்ததில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இனி ஒரு மாதம், வேறு வழியே இல்லாமல், அவர் ஒருத்தியை நம்பியாக வேண்டும்.