அணையாத வெள்ளைப் புள்ளி

அன்று தாராவி வீட்டில் நானும் தங்கை செல்வியும்தான். அம்மாவும் அப்பாவும் செம்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பழைய சாமான் கடையில் வாங்கிய, கைப்பிடி வைத்த சின்ன டி.வி.யின் பின்மூடியைக் கழற்றி ரிப்பேர் செய்தேன். படம் வந்ததும் ப்ளக்கைப் பிடுங்கினேன். திரை இருண்டது, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் எங்களையே பார்த்தது.

"அண்ணே, ப்ளக்கு உன் கையிலல்லா இருக்கு?"

"கரண்ட் இல்லட்டி, பயப்படாத." வீட்டில் படித்தவன் நான் ஒருவன் என்பதால் செல்வி நம்பினாள்.

"செத்தவுக வீட்டு டி.வி.யோ என்னவோ, பொட்டு வச்சிருதேன். முன்னால வச்சா படத்த மறைக்கும்" என்று ஈரக் குங்குமத்தோடு பிக்சர் டியூபின் பின்பக்கம் விரலை வைத்தவள், தகரச் சுவரில் போய் விழுந்தாள். அப்போதுதான் புள்ளி அணைந்தது.

ப்ளக்கை எடுத்தாலும் டியூபில் கரண்ட் தங்கும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது எந்த டி.வி.யையும் நான் திறப்பதில்லை, மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுகிறேன். டி.வி. அறுபது ரூபாய், செல்வியின் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு நூற்றிருபது.