தோசை சோறில்லை

“…சோறுதானே ஆகாது? தோசை சோறா? அரிசியை அவிச்சாத்தாங்க சோறு, அரைச்சுட்டா பலகாரம். எங்க வீட்டுல விரதம்னா இப்படித்தான். ஆறே ஆறுதான் வெச்சிருக்கேன். உக்காருங்க, சூடு போயிடும்.”

சொன்னது என் மனைவி. தட்டில் ஆறு தோசை, பக்கத்தில் தேங்காய்ப்பூவும் சீனியும், போதாததற்கு இரண்டு பழம். நான் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தேன். தட்டை எட்டி உதைக்கலாமா என்று இருந்தது. நியாயமாகப் பார்த்தால் என்னைத்தான் உதைத்திருக்க வேண்டும்.

நாட்டுக்குச் சுதந்திரம், அதுதான் மெர்டேக்கா, கிடைத்ததற்கு அடுத்த வருடம் அது. புக்கிட் ரம்பாய் பக்கம் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். டிரைவர்கள் எல்லாரும் உடம்பைச் சோதித்துச் சீட்டு வாங்கி வரவேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடியாக இருந்த டிரெஸர் நம்மவர். குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் மூத்திரத்தில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினார். நீலம் நீலமாகவே நிற்க வேண்டுமாம். என்னுடையது செங்கல் நிறத்துக்குப் போயிற்று.

“சீனி வியாதிப்பா. காலையில வெறுங்கோப்பி, மத்தியானம் ஒரு வேளை அளவாச் சாப்பாடு. பொழுது சாஞ்சா தண்ணி மட்டும். மூணு மாசம் கழிச்சு வா. அப்பவும் இதே நிறம்னா கையெழுத்துப் போடமாட்டேன். வண்டியை மறந்துடு.”

பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் சொன்னால் இவள் அழுவாள். நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர்தான். இவள் இங்கே அழுதால் சேதி மறுநாள் கம்பெனியில் நிற்கும். அதனால், “முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். மூணு மாசத்துக்கு ராத்திரிச் சோறு கிடையாது” என்று சொல்லிவைத்தேன்.

கெட்டது அங்கேதான். வியாதி என்றிருந்தால் பட்டினி போட்டிருப்பாள். விரதம் என்றதும் விருந்து வைத்தாள். முதல் நாள் இட்லி. மறுநாள் புட்டு. வெள்ளிக்கிழமை கேசரி, சாமிக்குப் படைத்ததை வேண்டாம் என்றால் குற்றம். ஒன்றைத் தள்ளினால் இரண்டாக வைப்பாள். வேண்டுதல் வீட்டுக்கே பொது என்று தானும் இரவுச் சாப்பாட்டை விட்டாள். அவளுக்குப் பலகாரம்கூடக் கிடையாது, கோப்பித்தண்ணிதான். “நீங்க வண்டி ஓட்டுறவுக, தெம்பு வேணும். எனக்கென்ன?” என்பாள்.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்கு முதலில் பறந்துபோனவர் டிரெஸர். சாயங்காலம் அந்த நெய் வாசனைக்கு முன்னால் அவர் முகம் எங்கே ஞாபகம் வரும்? பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா, தலைமுறை தலைமுறையாக மலாயே பேசித் தமிழ் வராமல் போனவர், ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, “புவாசா மச்சாம் இனி, சாயா புன் போலே!” என்று மலாயில் சிரித்தார். இப்படி ஒரு நோன்பென்றால் நானும் இருப்பேனே என்கிறார். பஸ்ஸில் கண்டக்டர் பையன் வேறு: “ஒரு வேளை உண்பவன் யோகிம்பாங்க. யோகிக்கு எதுக்குண்ணே இந்தத் தொப்பை?”

என் பெல்ட்டில் ஓட்டை போதவில்லை. இவளுக்கோ கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று மாதம் முடிந்து அன்று போனால், அதே செங்கல் நிறம்.

“என்னய்யா சாப்பிட்டே?”

“விரதம்ங்க.”

“விரதத்துல என்ன சாப்பிட்டேன்னு கேக்குறேன்.”

ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேசரிக்கு வருவதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “இன்னும் ஒரு மாசம். அதுதான் கடைசி.”

அந்த எரிச்சலோடு வீட்டுக்குள் கால் வைத்தால், இந்த ஆறு தோசை. கத்திவிட்டேன்.

“வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல! எனக்குச் சீனி வியாதி. உன் தோசைதான் என் வண்டியைப் புடுங்குது!”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. இவள் அழவில்லை.

“வேண்டுதலே இல்லையா?”

“இல்ல.”

“மூணு மாசமாவா?”

தலையை ஆட்டினேன்.

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். என்னைப் பார்த்தபடியே, சீனியைத் தொட்டுத் தொட்டு, ஆறு தோசையையும் தின்று முடித்தாள். பிறகு எழுந்துபோய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.