நானூற்றுப் பன்னிரண்டு கோப்பைகள்

மனைவிக்கு இரண்டு முழங்கால்களும் மடங்க மறுத்த வருடம், வீட்டுக் கக்கூஸில் வெஸ்டர்ன் கோப்பை பதிக்க நாற்பதாயிரம் ரூபாய் ஒதுக்கினோம். அந்தப் பணத்தில் நான் பங்கு வாங்கினேன். கோப்பை செய்யும் கம்பெனியின் பங்கு என்பதால், பணம் ஒதுக்கிய காரியத்துக்கே போனதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் கொத்தனாருக்கு நேரமில்லை என்றேன்.

அவசரப்பட்டு வாங்கவில்லை. தபால் ஆபீசில் முப்பத்தாறு வருடம் எண்ணியே பழகியவன் நான். ஆண்டறிக்கையின் நூற்றுப் பதினெட்டுப் பக்கங்களையும் படித்தேன். பங்கின் விலை முப்பத்தொன்று. கடனெல்லாம் கழித்து மிச்சச் சொத்தை வகுத்தால் பங்குக்கு அறுபது வந்தது. அதையும் நம்பாமல் சேத்தியாத்தோப்பு பஸ் ஏறிப் போய், கம்பெனி மதில் ஓரம் ஒரு கல்லின் மேல் நின்று சரக்கை எண்ணினேன். வெயிலில் நானூற்றுப் பன்னிரண்டு கோப்பைகள். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். மறுவாரம் நானூற்று நாற்பது. அதற்கடுத்த வாரம் எண்ணி முடிப்பதற்குள் தலை சுற்றியது. சந்தைக்குத் தெரியாத சொத்து வாராவாரம் பெருகுகிறதே என்று பூரித்தேன். பங்கு விலை மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவள் கொத்தனாரைக் கடைத்தெருவில் பார்த்துவிட்டாள். அவரை யாரும் கூப்பிடவே இல்லை. நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. கம்பெனியைக் காட்டச் சொன்னாள்.

கேட்டுக்குள் ஸ்டோர்க்காரர் எங்களை விட்டார். அவள் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, சாய்ந்து சாய்ந்து நடந்து, கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். எங்கள் ஊரில் பீங்கானைத் தட்டிப் பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். நான் மதிலுக்கு வெளியே நின்றதால் எண்ணத்தான் முடிந்தது. இருபத்து மூன்றைத் தட்டினாள். இருபத்திரண்டு டொக்கென்றன.

சூளையில் ஏதோ கோளாறு, மூன்று மாதமாகக் கீறலோடுதான் வருகிறது, எல்லாம் உடைக்க வைத்திருப்பது என்றார் ஸ்டோர்க்காரர். கணீரென்ற அந்த ஒன்றை மட்டும் ஐநூறுக்குத் தருவதாகச் சொன்னார்.

நான் குறுக்கே புகுந்தேன். அடக்க விலையே ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆகுமே, நல்ல சரக்கை இப்படித் தள்ளிவிட்டால் எப்படி, பங்குதாரர் என்ற முறையில் ஆட்சேபிக்கிறேன் என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சாரு யாருங்கம்மா?”

“என் வூட்டுக்காரருதாங்க. இன்னிக்கு உங்க கம்பெனி பக்கம் நிக்கிறாரு.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நான் உள்ள உக்காந்துட்டு எழுந்திருக்க முடியாம கூப்பிடறேனே, அப்ப கைகுடுக்க யாரு வராங்க? நீங்களா, பங்குதாரரா?”

ஆட்சேபத்தை வாபஸ் வாங்கினேன். ஷேர் ஆட்டோவில் கோப்பைக்கும் ஒரு ஆள் சார்ஜ் கேட்டார்கள், கொடுத்தேன். மறுநாள் பங்குகளை இருபத்திரண்டுக்கு விற்றேன். கொத்தனார் கூலிக்கும் குழாய்க்கும் போதும், டைல்ஸுக்குப் போதாது.

கோப்பை பதித்துச் சிமெண்டு காய்ந்த அன்று அவள் உள்ளே போய்த் தாழ்போட்டாள். நாற்பது நிமிடம் வரவில்லை. கை கொடுக்க வேண்டுமா என்று கதவருகே நின்று இரண்டு முறை கேட்டேன்.

“வேணாம்,” என்றாள். “சும்மா உக்காந்திருக்கேன்.”