தீர்த்தம் தெளித்த கார்

எங்கள் கார் பட்டறைக்குப் போய்த் திரும்பினால் முதல் ஓட்டம் ராமேஸ்வரத்துக்குத்தான் என்பது அம்மா போட்ட சட்டம். அது அய்யா இரண்டாங்கையாக வாங்கிய பழைய கார். பட்டறைக்கு அடிக்கடி போகும். அந்தக் கணக்கில், எங்கள் ஊரிலேயே அதிகமாகச் சாமி கும்பிட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது கிளட்ச் போய்விட்டது. மண்டபம் போகும் சாலையில் இருந்த பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருந்த மெக்கானிக் அதை மாற்றிக் கொடுத்தார். இலங்கையிலிருந்து வந்து கடலோர அகதி முகாமில் குடும்பத்தோடு இருந்தவர். வண்டி வெண்ணெய் மாதிரிப் போகிறது என்று அய்யா பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். வழக்கம்போல ராமேஸ்வரம் போய், அக்கினி தீர்த்தத்தில் குளித்து, ஒரு கேன் நிறையக் கடல் தண்ணீரும் பிடித்து வந்தோம்.

மறுநாள் காலையில் அம்மா என்னிடம் கேனைக் கொடுத்து, நாலு சக்கரத்திலும் கொஞ்சம் தெளிக்கச் சொன்னாள். அய்யா பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருந்தார். எனக்கு ஒரு யோசனை வந்தது. கெட்டுப் போவதெல்லாம் இதற்குள்ளேதானே, சக்கரத்துக்கு எதற்குத் தீர்த்தம்? ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் கேன் முழுவதையும் இன்ஜின் தலையில் ஊற்றினேன். வெறும் கேனைப் பின் சீட்டுக்கு அடியில் போட்டேன். பெரிய புண்ணியம் செய்துவிட்ட திருப்தி எனக்கு.

அன்று மத்தியானமே கார் இருமத் தொடங்கியது. ராமநாதபுரத்துக்குள் நுழைவதற்குள் இரண்டு முறை நின்றது. மூன்றாவது முறை கடைவீதியில் நாலு பேர் தள்ளினார்கள். அய்யா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், முகம் கறுத்துப் போயிருந்தது. பின்னால் இருந்த நான் கேனைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். காரணம் எனக்குத் தெரியும். தீர்த்தம் ஊற்றி வண்டி கெடும் என்று அம்மா கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

சனிக்கிழமை அய்யா பட்டறைக்குப் போனபோது நானும் காரில் இருந்தேன்.

"ஒங்கிட்ட விட்டு எடுத்த பெறகுதானப்பா இப்பிடி ஆச்சு. அதுக்கு முன்னாடி ஒரு நாளாச்சும் நின்னுருக்கா?" என்றார் அய்யா. முன்பு எத்தனை நாள் நின்றிருக்கிறது என்று எனக்கே தெரியும்.

"நான் கிளட்சை மட்டுந்தான் மாத்தினனான் ஐயா. இந்தப் பக்கம் கை வைக்கேல்லை," என்றார் மெக்கானிக். வயர்கள் வந்து சேரும் கறுப்பு மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு, ஐயா. ஆரோ உப்புத் தண்ணி ஊத்தியிருக்கினம்."

"எங்க வீட்ல எவன் இன்ஜின்ல உப்புத் தண்ணிய ஊத்துவான்? கடக்கரையில கெடக்குற ஆளு நீதான்."

நான் கேனைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினேன். அது சத்தம் போட்டது. மெக்கானிக் நிமிர்ந்து ஜன்னல் வழியாகக் கேனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஏதும் தெரியுமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

அவர் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

அய்யாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "செய்யிறதையும் செஞ்சுட்டு, எம்புள்ள மேலயா பழி போடுற?" பட்டறைக்காரரைக் கூப்பிட்டார். எங்கள் ஊர் டிராக்டர்கள் எல்லாம் அய்யா சொல்லித்தான் அந்தப் பட்டறைக்கு வரும். பட்டறைக்காரர் அதிகம் யோசிக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

மெக்கானிக் மூடியைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மாட்டி, வண்டியைக் கிளப்பிக் காட்டினார். கார் இருமாமல் ஓடியது. "கடற்கரைப் பக்கம் போய் வந்தா நல்ல தண்ணியால கழுவி விடுங்கோ ஐயா," என்று சொல்லிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். கேனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பித்தேன் என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

கல்லூரி முடித்த பிறகு ஒரு நாள் அய்யாவிடம் உண்மையைச் சொன்னேன். "அடக் கழுதை, அப்பவே சொல்லிருந்தா ரெண்டு போடு போட்டு விட்டுருப்பேன்," என்று சிரித்தார். அன்றே சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவுதான், முதுகில் இரண்டு அடி. முகாம் ஆளுக்கு வெளியே வேலை கிடைக்க உள்ளூர்க்காரர் ஒருவர் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பதும், அதன் பிறகு அந்த மெக்கானிக்கை எந்தப் பட்டறையிலும் சேர்க்கவில்லை என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

அன்று ஜன்னலுக்கு வெளியே நின்றவர் என்னை மாட்டிவிடப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். அவ்வளவு பெரிய மனிதர் என்னிடம் உதவி கேட்டுக்கொண்டு நின்றார் என்பது, ஒன்பது வயதில் எனக்குப் புரியவில்லை.