ஒரு தொடுதலுக்கு இரண்டு கழிவு

2024ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், தேவாலாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் நிர்வாகம், எடைக் கொட்டகையில் கணினி பார்த்த ரஞ்சனியை வேலையிலிருந்து நிறுத்தியது. கொழுந்து பறிக்கும் பெண்களின் எடையை அவள் களவாகக் குறைத்தாள் என்பது சொல்லப்பட்ட காரணம். அது பொய், பொய்யென்று தெரிந்தே சொல்லப்பட்டது.

ரஞ்சனி இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்களின் மகள், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். பல வருடம் கொழுந்து பறித்தாள். பழைய கணினி ஒன்றைக் கழற்றியும் பூட்டியும் தானே தொழில் கற்றாள். சம்பளச் சீட்டு எதையும் எறிந்ததில்லை. அவள் எடைக்கு வந்தபோது, தராசுப் பக்கம் நம் ஆள் ஒருத்தி நிற்கிறாள் என்று லயமே நிம்மதியானது.

மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் தராசேறும். அதற்காக மூட்டைக்கு ஒரு கிலோ கழிப்பது தோட்டத்து வழக்கம். தொடுதிரையில் 'ஈரக் கழிவு' என்ற பொத்தானை ஒருமுறை தொட்டால் ஒரு கிலோ குறையும். அந்த ஜூலையில் திரை பழுதானது. புதியதை மாட்ட வந்த கம்பெனிக்காரர், பழைய திரையைக் கணினியோடு இணைத்து இயக்கும் 'டிரைவர்' மென்பொருளை நீக்காமலே புதிய திரையின் டிரைவரையும் ஏற்றிவிட்டுக் கூடலூர் பஸ்ஸுக்கு ஓடினார். அன்றிலிருந்து ஒரே விரலுக்கு இரண்டு டிரைவர்களும் பதில் சொல்லின. ஒரு தொடுதல் இரண்டாக விழுந்தது. மூட்டைக்கு இரண்டு கிலோ போனது. தராசு காட்டும் எடையை உரக்கச் சொல்லி, கழிவைத் தொட்டு, அடுத்த மூட்டைக்குத் திரும்புவது ரஞ்சனியின் பழக்கம். கழித்தபின் மிஞ்சியதை அவள் பார்க்கவில்லை.

மாலையில் எடைச் சீட்டை வாங்கிய, கொழுந்து பறிக்கும் தெய்வம்மா வரிசையின் நடுவே நின்றாள்.

"ஏன் புள்ள, எம் மூட்டையில மழை குடிச்சது போக நீ எவ்வளவு குடிச்ச?"

பெண்கள் சிரித்தார்கள். ரஞ்சனிக்கு முகம் எரிந்தது. வரிசை கலைந்ததும் மவுஸால் அழுத்திப் பார்த்தாள்: ஒரு கிலோ. விரலால் தொட்டாள்: இரண்டு. உடனே அலுவலகத்தில் சொன்னாள். உதவி மேலாளர் சுரேந்திரன், ஈரக் கையால் தொட்டால் அப்படித்தான் என்றார். துடைத்த விரலால் தொட்டுக் காட்டுகிறேன் என்றாள். கொட்டகைக்கு வர அவருக்கு நேரமில்லை. கம்பெனிக்காரரும் தொலைபேசியில் ஈரக் கை என்றே சொன்னார்.

மறுநாள் இரண்டு டிரைவர்களில் ஒன்றை அவளே நீக்கினாள். நீக்கியது தவறானதை. திரை அடியோடு செத்தது. பெண்கள் மூட்டையோடு மழையில் நின்றார்கள். நீக்கியதை மீண்டும் ஏற்றி, மற்றதை எடுத்தாள். பிறகு ஒரு தொடுதல் ஒன்றாகவே விழுந்தது. இதையும் அவளே போய்ச் சொன்னாள். அதைத்தான் நிர்வாகத்தார் பிடித்துக்கொண்டு அவளை நிறுத்தினார்கள்: மென்பொருளில் கைவைத்தவள் இவள், ஆகவே எடையைக் குறைத்தவளும் இவளே. லயத்தில் தெய்வம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

விசாரணை நாளில் சுரேந்திரன் வெள்ளைத்தாளை நீட்டினார்.

"தெரியாம நடந்துருச்சுன்னு மன்னிப்பு எழுதிக் குடும்மா. நாளைக்கே வேலைக்கு வா."

ரஞ்சனி தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"நான் எழுதுனா லயத்துல சாகுற வரைக்கும் நான் கள்ளி சார். நீங்க எழுதுங்க. ரெண்டு டிரைவரையும் ஏத்துனது யாரு, நான் வந்து சொன்னப்ப நீங்க என்ன செஞ்சீங்க, அந்தப் பொம்பளைங்க கிலோவ எப்பத் திருப்பிப் போடுவீங்க? மூணுக்கும் பதில், கையெழுத்தும் சீலும் வச்சு, எழுத்துல வேணும்."