அன்வருதீன் மாமா நாலு நாள் தாமதமான கதை

“இந்த ஆளால நாட்டுக்கு ஏதாவது தொந்தரவு வருமா?”

2009 ஜனவரியில், ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று ஒரு போலீஸ்காரர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் பெயர் கோவிந்தசாமி என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊர் போலீஸ் போடும் சிவப்புத் தொப்பியைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்தார். கையில் ஒரு ஃபாரம். அவர் கேட்டது பக்கத்து வீட்டு அன்வருதீன் மாமாவைப் பற்றி. மாமா வீடு பூட்டியிருந்தது. அவர் மீன் வாங்கப் பெரிய மார்க்கெட் போயிருந்தார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொல்லியிருக்கலாம். நான் வேறொன்றைச் சொன்னேன்.

“அவரு இங்க இல்ல சார். வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டாரு.”

கோவிந்தசாமி அதை ஃபாரத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மும்பைத் தாக்குதல் நடந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. டிவியில் நாள் முழுக்க அதுவே ஓடியது. மாமாவின் பெயர் அன்வருதீன். அவர் பல நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அதோடு எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. போலீஸ் யாரையாவது விசாரித்து வந்தால், “ஊர்ல இல்ல” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதை நாங்கள் பொய்யாக நினைப்பதில்லை, உதவி என்று நினைக்கிறோம். எனக்கு அப்போது பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். பிளஸ் டூ முடித்துவிட்டு, என்ன படிப்பது என்று தெரியாமல் வீட்டுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

மாமா முப்பத்தி நாலு வருடம் இந்தியத் தூதரகங்களில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு அவரை டைப்பிஸ்ட்டாக டெல்லிக்குக் கொண்டுபோனது. பிறகு செனகல், மடகாஸ்கர், பெல்ஜியம். ஓய்வு பெறும்போது இரண்டாம் செயலாளர். யாராவது அவரைத் தூதர் என்று சொன்னால், “தூதர் இல்லப்பா, தூதருக்குப் பேனா எடுத்துக் குடுத்தவன்” என்று திருத்துவார். மனைவி ஜஹபர் நிஷா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. காலை ஆறு மணிக்குத் தெருவுக்கே கேட்கும்படி ரேடியோவில் பிரெஞ்சுச் செய்தி வைப்பார்.

எதிர்வீட்டுக் கலியபெருமாள் மாமா மூன்று கட்சி மாறியவர். அவர் சட்டைப் பையில் தோளில் போட்ட கட்சித் துண்டின் நிறத்துக்கு ஏற்ற பேனா இருக்கும். அன்வருதீன் மாமாவை அவர் பிரெஞ்சு மரியாதையில் ‘முசே’ என்றுதான் கூப்பிடுவார். இருவரும் மாலையில் கேட்டருகே நின்று பேசுவதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

“முசே, நாட்டு ரகசியம் எல்லாம் உங்க கையில இருந்திருக்குமே?” என்பார் கலியபெருமாள்.

“இருந்துச்சு. மூணு பூட்டுப் போட்ட அலமாரி. உள்ள என்னான்னு நெனச்சே? விருந்துல யாரு பக்கத்துல யாரு ஒக்காரணும்னு லிஸ்ட்டு. அது வெளிய போனா ரெண்டு நாட்டுக்கும் சண்ட.”

“அப்ப பாதுகாப்பு?”

“பூட்டு நல்லாதான் இருந்துச்சு. சாவி எங்கன்னு வாட்ச்மேன்லேர்ந்து டிரைவர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.”

கலியபெருமாள் சிரித்தால் மாமா அவரையும் விடமாட்டார். “நான் கட்சி மாத்தாம நாட்ட மாத்துனேன். நீ நாட்ட மாத்தாம கட்சிய மாத்துனே. ரெண்டு பேரும் பெட்டியப் பிரிச்சி வெச்சதே இல்ல.”

பிப்ரவரி முதல் வாரம் மாமாவுக்கு ஒரு கடிதம் வந்தது. குறிப்பிட்ட முகவரியில் அவர் வசிக்கவில்லை என்று போலீஸ் அறிக்கை வந்திருப்பதால் பாஸ்போர்ட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. வேலையில் இருந்தபோது வைத்திருந்த அரசாங்க பாஸ்போர்ட்டை ஓய்வு பெற்றதும் திருப்பிக் கொடுத்திருந்தார். இப்போது எல்லோரையும்போல ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். கோவிந்தசாமி வந்தது அதற்காக.

மாமாவின் மகள் ஃபரீஹா அக்கா பாரிஸ் பக்கத்தில் இருக்கிறார். மார்ச் கடைசியில் அவருக்குப் பிரசவம். அக்கா பிறந்தபோது மாமா மடகாஸ்கரில் இருந்தார். மகளை முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு இரண்டு வயது; அவரைப் பார்த்து அழுதுகொண்டு ஓடினாளாம். “உன் பிள்ள பொறக்கும்போது ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன்” என்று அக்காவிடம் சொல்லியிருந்தார்.

“எத்தினி பேருக்கு விசா குத்தியிருப்பேன். எங்க வீட்டுல நான் இல்லன்னு எவனோ சொல்லியிருக்கான் பாரு,” என்று கடிதத்தைக் காட்டினார்.

“நான்தான் சொன்னேன் மாமா,” என்றேன்.

அவர் எதையும் முகத்தில் காட்டாதவர். மீன்காரம்மா எந்த விலை சொன்னாலும் அவர் முகம் மாறாது. அன்று மாறியது. கடிதத்தை நாலாக மடித்தார்.

“அபி, இந்த மாதிரி நேரத்துல தூதரகத்துல நாங்க இல்லன்னும் சொல்லமாட்டோம், இருக்குன்னும் சொல்லமாட்டோம். ‘கேட்டுச் சொல்றோம்’னு சொல்லிட்டுப் போயிடுவோம். நீ ரொம்ப நேர்மையா பொய் சொல்லிட்டே.”

கலியபெருமாள் உடனே செல்போனை எடுத்தார். “நம்ம மந்திரி காதுல ஒரு வார்த்த போட்டா போதும் முசே.”

“வேணவே வேணாம். சிபாரிசோட வர்றவன் ஃபைலத்தான் நாங்க ரெண்டு தடவ படிப்போம்.”

“அப்ப என்னா பண்றது?” என்றார் கலியபெருமாள்.

“ஸ்டேஷனுக்கு நான் போறேன். நான் சொன்னத நானே மாத்தணும்,” என்றேன்.

மறுநாள் மூவரும் போனோம். கோவிந்தசாமிக்கு என்னை நன்றாக நினைவிருந்தது.

“ஏம்மா, அன்னிக்கி காலி பண்ணிட்டாருன்னே. ஆளு இதோ நிக்கிறாரு?”

“பயந்துட்டேன் சார்.”

“யாருக்கு?”

“அவருக்காக.”

“இப்ப?”

“இப்ப எனக்காக பயமா இருக்கு சார்.”

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்துவிட்டார். கோவிந்தசாமி சிரிக்கவில்லை. புது ஃபாரம் எடுத்து, அதே கேள்வியை மறுபடி கேட்டார். “சரி, இந்த ஆளால நாட்டுக்கு ஏதாவது தொந்தரவு உண்டா?”

இந்த முறை எனக்குப் பதில் தெரிந்தது. “காலையில ஆறு மணிக்கு ரேடியோ வெக்கிறாரு சார். அது எங்க வீட்டுக்குத் தொந்தரவு. நாட்டுக்கு ஒண்ணும் இல்ல.”

“எத்தினி வருஷமா தெரியும்?”

“ஆறு வருஷம். தெனமும் பாக்குறேன்.”

சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். ஒன்றைக் கலியபெருமாள் போட்டார். இன்னொன்று என்னுடையது. பரீட்சைப் பேப்பரைத் தவிர வேறெதிலும் நான் போட்ட முதல் கையெழுத்து அது.

மறு அறிக்கை போய், பாஸ்போர்ட் வந்து, விசாவும் கிடைத்து மாமா விமானம் ஏறினார். ஆனால் குழந்தை பத்து நாள் முந்திக்கொண்டது. நான் சொன்ன ஒரு வரியால் போனது ஏறக்குறைய ஒரு மாதம். அது இல்லாமல் இருந்திருந்தால் அவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருப்பார். இதை எப்படிக் கணக்குப் போட்டாலும் மாற்ற முடியவில்லை.

பாரிஸிலிருந்து போன் வந்தது. பேரன் பெயர் அய்மான் என்றார்.

“மன்னிச்சிடுங்க மாமா.”

“ஃபரீஹாவுக்கு ரெண்டு வருஷம் லேட்டு. இவனுக்கு நாலு நாள்தான். முன்னேற்றம்னுதான் நான் எழுதுவேன்,” என்றார். பின்னால் குழந்தை அழுதது. “என்னப் பாத்து அழல. பசி,” என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் தெருவில் ஒருவரிடமாவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். முக்கியமாக, பகலில் வீட்டில் தனியாக இருந்து கேட்டைத் திறக்கிறவரிடம் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு சிவப்புத் தொப்பி வந்து பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கலாம். அவர் இருக்கிறார் என்றே சொல்லட்டும்.