சார்ஜரைச் சந்தேகப்பட்ட போன்

போன வாரம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். போனில் மூன்று சதவீதம்தான் சார்ஜ். பாரூரிலிருந்து அக்கா தனியாக வருகிறாள் — முதல் தடவை. கிருஷ்ணகிரியில் அவள் ஏறியது பெங்களூர் பஸ். சில பஸ்கள் ஸ்டாண்டுக்குள் வராமல் மேம்பாலத்தில் ஏறிப் போய்விடும். எங்கே இறங்குவது என்று நான்தான் போனில் சொல்லியாக வேண்டும். விட்டுவிட்டால்? அத்திப்பள்ளி… கர்நாடகா!

தெரிந்த பாயின் மொபைல் கடைக்கு ஓடினேன். கேபிளைச் செருகினார். சார்ஜ் சொட்டுச் சொட்டாக ஏறியது.

"டூப்ளிகேட் சார்ஜரா பாய்? வெடிச்சிடாதே?"

"ஏம்மா, நல்ல வார்த்தையே வராதா உனக்கு? போனும் உன்ன மாதிரிதான். புது சார்ஜர்னா மொதல்ல அஞ்சு வோல்ட்டுதான் வாங்கிக்கும். 'நீ யாரு, எந்தக் கம்பெனி'ன்னு விசாரிக்கும். பதில் சரியா வந்தாத்தான் ஒம்பது வோல்ட்டு குடுன்னு கேக்கும். இந்தக் கேபிள்ல அந்தப் பேச்சு போற கம்பியே இல்ல."

வேறு கேபிள் மாற்றினார். திரையில் 'பாஸ்ட் சார்ஜிங்' என்று வந்தது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வோல்ட் கணக்கெல்லாம் புரியாது. ஆனால் சந்தேகம்? அது எனக்கு நன்றாகவே வரும்.

அப்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். கட் செய்தேன். மறுபடி அடித்தது. மறுபடி கட். ஓடிபி கேட்பான், எடுத்தால் ஆபத்து — உங்களுக்கும் அந்தப் பயம் உண்டுதானே?

பாய் சிரித்தார். "போன்கூட அஞ்சு வோல்ட்டு வாங்கிக்கிட்டுத்தான் யாருன்னு கேக்குது. நீ ஹலோகூட சொல்லாம கட் பண்றியே!"

சுருக்கென்றது. அடுத்த முறை எடுத்துவிட்டேன். "யாருங்க?"

ஏதோ ஒரு அம்மா கன்னடத்தில் பேசினார். பிறகு அக்கா குரலிலேயே ஒரு குரல். "என் போனு செத்துப்போச்சுடி. இது பக்கத்து சீட்டு அம்மா போனு. நான் எங்க எறங்கறது?"

இப்போதெல்லாம் குரலையே காப்பி அடிக்கிறார்களாமே! "நீ அக்காதான்னு நான் எப்படி நம்பறது?" என்றேன்.

"அடி செருப்பால! பஸ்ஸு சூளகிரி தாண்டிடுச்சு, இவளுக்கு அத்தாட்சி வேணுமாம். எறங்கி வந்து காதத் திருகறேன் இரு!"

போதும். இப்படித் திட்ட உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும். "மேம்பாலம் ஏறறதுக்கு முன்னாடியே எறங்கிடு. நான் அங்க வந்து நிக்கறேன்" என்றேன்.

பத்திரமாக இறங்கினாள். சொன்னபடியே காதைத் திருகினாள்.

சந்தேகமே இல்லை… ஒரிஜினல் அக்கா!